பிரிவு இருபத்தேழு

வாழைக்கு வாடல் நோய் பார்ப்பவன் நான்.
பெரியகுளத்தில் முதல் பஸ் பிடித்து
மைத்துனனின் ஸ்வெட்டரோடு ஏறி வந்து
கொடைக்கானல் கோடைவிழாப் பந்தலில்
குளிர்மலைச் செடிகளுக்கு மதிப்பெண் போடுகிறேன்.
வர வேண்டியவருக்குக் காய்ச்சலாம்.

பிரிவு இருபத்தேழு:
பாறையிடுக்கு, மலையுச்சிச் செடிகள்.
தொட்டி ஒன்பது அங்குலத்துக்கு மிகாமல்.
காட்டில் பிடுங்கியது கூடாது.
பூவுக்கு நாற்பது, செடியின் கட்டுக்கு முப்பது,
அரிதென்றால் இருபது, பெயர்ச்சீட்டுக்குப் பத்து.

எட்டுப் பதிவுகள்.
ஒன்று கள்ளி, யாரோ பிரிவு மாறிக் கொடுத்தது.
ஒன்று ஏரிக்கரை ஓட்டல்காரர்களுடையது:
வெள்ளைக் கூழாங்கல், பிளாஸ்டிக் மான்,
மோட்டார் வைத்த அருவி,
அருவியோரம் பெங்களூரு நர்சரியிலிருந்து
இளஞ்சிவப்பு மெத்தையாய் ஏதோ ஒன்று.
அளந்து பார்த்தேன்.
அருவியோடு சேர்த்துச் சரியாக ஒன்பது அங்குலம்.

ஆறாவது,
குறுக்கே வெட்டிய கடலை எண்ணெய் டின்.
உள்ளங்கையளவு பச்சை, மண்ணோடு மண்ணாய்,
அதன்மேல் தீக்குச்சி முனைகளாய்
முறுக்கி மூடியவை.
மொட்டா, வாடிய பூவா,
எனக்குத் தெரியவில்லை.
சீட்டில் நீலப் பேனாவில்:
ஜென்ஷியன். விதை போட்டது.
எமரன்சியா, கோல்ஃப் மைதானம், புல்வெட்டு.

"பிடுங்கினதுதான்" என்றார்
டேலியாவில் பத்துக் கோப்பை வாங்கிய
சக நடுவர் ஹெப்சிபா மேடம்.
டின்னைத் தூக்கினேன்.
ஆணியடித்த ஐந்து ஓட்டைகள்.
ஒவ்வொன்றிலும் நரைமுடி போல வேர்
வெளியே எட்டிப் பார்த்து
வேண்டாமென்று உள்ளே திரும்பியிருந்தது.
எனக்குப் பூ தெரியாது. வேர் தெரியும்.
ஒரு வருஷம், இல்லை இரண்டு.
அந்த ஒன்றை மட்டும் சண்டை போட்டு ஜெயித்தேன்.

பதினொன்று பத்துக்கு
பைன் மரங்களின் தலையிலிருந்து மேகம் இறங்கி
பந்தலுக்குள்ளேயே வந்து நின்றது.
விதி: நடுவர் நிற்கும் நேரத்தில் தெரிவது மட்டும்.
பூ, நாற்பதுக்குப் பூஜ்யம்.
என் கையெழுத்துதான்.
இரண்டு முறை கூட்டினேன், சரியாகவே வந்தது.
மான் முதல் பரிசு வாங்கியது.

மூன்றரை மணி.
மிளகாய் பஜ்ஜி வரிசையில் நிற்கிறேன்,
சட்டென்று முதுகில் வெயில்.
ஏனோ எண்ணெய்க் காகிதத்தோடு திரும்பி நடந்தேன்.
தார்ப்பாய்க் கிழிசல் வழியே
ஒரு சாண் வெளிச்சம்
ஆறாவது டின்மேல்.
நீலம்.
கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தது போல
சின்னச் சின்னதாய், சத்தமில்லாமல்,
எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.
பக்கத்தில் ஒரு பையன்
மானைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.
எண்ணினேன். பதினேழு.
மதிப்பெண் தாள் அதற்குள் அலுவலகப் பெட்டியில்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து அவள் வந்தாள்,
ரப்பர் பூட்ஸில் அறுத்த புல் ஒட்டியிருந்தது.
டின் மறுபடி மூடிக்கொண்டுவிட்டது.
பரிசுச்சீட்டு இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை.

"விரிஞ்சுச்சா சார்?"
"மூன்றரைக்கு. பதினேழு."
"பத்தொம்பதுல்ல இருக்கணும்?"

டின்னைத் திருப்பினாள்.
துருப்பிடித்த விளிம்புக்குக் கீழே
தட்டி மறைத்த பக்கத்தில் இரண்டு.
அவை விரிந்தனவா என்று
கேட்டால் சொல்ல ஆளில்லை.

"மேகம் வந்தா மூடிக்கும்னு தெரியுமில்ல?
அப்புறம் எதுக்குக் கொடுத்தீங்க?"
"பிரிவு இருக்கே சார்.
முப்பது ரூபாதானே."

கோட்டுக்குள் டின்னை வைத்துப் பொத்தான் போட்டாள்.
தூறல் ஆரம்பித்திருந்தது.

டம்டம் பாறை தாண்டியதும் வெக்கை ஏறி வந்தது.
ஸ்வெட்டரைக் கழற்றும்போது
பையில் ஏதோ குத்தியது:
விழாக்குழு கொடுத்த பென்சில்.
திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன்.